யாழ்ப்பாணக் கரையோர விலங்குப் பிளாந்தன்: எந்த நீர், எத்தனை நாள்?

கேள்வி கேட்டவர் இறுதி வருட மாணவர். கடல்நீரேரியிலும் வடகரையிலும் விலங்குப் பிளாந்தன், அதாவது நீரோடு மிதந்து அலையும் சிறு விலங்குகள், மாதிரி எடுக்கப் போகிறார். வெப்பநிலை, உவர்த்தன்மை, ஒட்சிசன், போசணை உப்புகள் ஆகியவற்றில் எங்கள் கடலில் பிளாந்தன் கூட்டத்தைக் கூடுதலாகத் தீர்மானிப்பது எது, எல்லாவற்றையும் அளக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை, எதை அளப்பது என்று கேட்கிறார்.

தம்பி, ஒன்றைத்தான் அளக்கலாம் என்றால் உவர்த்தன்மையை அளவுங்கள். ஆனால் அதைக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் உவர்த்தன்மை பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்களுக்கு அடையாளம்: உங்கள் வலைக்குள் வந்த நீர் எங்கிருந்து வந்தது, வந்து எத்தனை நாளாக அங்கே நிற்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் வலையில் என்ன இருக்கும் என்று பாதியை முன்கூட்டியே சொல்லலாம். வெப்பநிலையும் நைத்திரேற்றும் ஒட்சிசனும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

விலங்குப் பிளாந்தனில் எண்ணிக்கையில் பெரும் பங்கு கோப்பிபொட்டுகள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள். வெப்பவலயக் கரையோரம் எங்கு வலை போட்டாலும் இதுதான் நிலை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஆறு நோப்பிளியஸ் (குடம்பி) பருவங்களையும், பிறகு கோப்பிபொடைற்று (இளம் உயிர்) பருவங்களையும் கடந்துதான் முதிர வேண்டும். 28 முதல் 30 பாகை வெப்பமுள்ள நீரில் அக்கார்ட்டியா போன்ற சிறிய இனங்கள் இதை ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் முடித்துவிடும். இப்போது நீரைப் பாருங்கள். ஓரிடத்து நீர் அந்த இரண்டு கிழமைக்குள் முழுவதும் மாறிப்போகிறது என்றால் அங்கே உள்ளூர்ச் சனத்தொகை ஒன்று கட்டியெழும்ப முடியாது. வெளியிலிருந்து அடித்துவரப்பட்டவை மட்டும் இருக்கும். நீர் ஒன்றிரண்டு மாதம் நின்றால், அந்த உப்பைத் தாங்கும் இரண்டு மூன்று இனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகி மற்றவற்றை மூடிவிடும். இனப் பல்வகைமைச் சுட்டி ஏறுவதும் இறங்குவதும் பல நேரம் இந்தக் கணக்குத்தான். அதிகப் பல்வகைமை என்றதும் ஆரோக்கியமான சூழல் என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அது வெறுமனே நன்றாகக் கழுவப்படும் இடமாகவும் இருக்கலாம்.

குடாநாட்டைச் சுற்றி ஒரு நீர் இல்லை. குறைந்தது மூன்று இருக்கின்றன. முதலாவது வடகரை: மாதகல், காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. அது திறந்த கடல். வாடைக் காலத்தில் (வடகீழ்ப் பருவக்காற்று) இந்தியக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே வரும் நீரோட்டம் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரைப் பாக்கு நீரிணைக்குள் தள்ளும். சோளகக் காலத்தில் (தென்மேற்குப் பருவக்காற்று) மன்னார்க் குடாப் பக்கத்து உப்புக் கூடிய நீர் வந்து கலக்கும். இரண்டாவது, கடல்நீரேரியின் மேற்குப் பகுதி: தீவுகளுக்கிடையே, பண்ணை, குருநகர், பாசையூர், காக்கைதீவு. பரந்த பரப்பு, ஆனால் கன இடத்தில் ஆள் இறங்கி நடக்கலாம். மூன்றாவது, உள்ளே அடைபட்ட நீர்: தொண்டமானாறு, உப்பாறு, ஆனையிறவுப் பக்கம். தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்புகளும் கதவுகளும் இருக்கின்றன. ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் போகும் அணை இருக்கிறது. இந்த மூன்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே வரைபில் போட்டு, உவர்த்தன்மைக்கும் பிளாந்தனுக்கும் தொடர்பு என்று கோடு கீறினால் கோடு வடிவாகத்தான் வரும். அது மூன்று வெவ்வேறு நீர்நிலைகளைச் சேர்த்துக் கீறிய கோடு.

வடகரையில் வலை போட்டால் பரகலானஸ், அக்ரோகலானஸ், தெமோரா, சென்ட்ரோபேஜஸ் என்று கோப்பிபொட்டுகளின் கடலினங்கள் வரும். கூடவே கண்ணாடிச் சில்லுப் போல அம்புப்புழுக்கள், நீளக் கழுத்து லூசிபர் இறால்கள், சில காலங்களில் சல்ப்புகள் என்ற கூழுடல் உயிர்கள். உள்ளே வர வர இவை ஒவ்வொன்றாக உதிரும். அம்புப்புழுவும் சல்ப்பும் உப்பு மாற்றத்தைத் தாங்குவதில் கெட்டித்தனம் இல்லாதவை, அதனால் முதலில் போகும். பண்ணைக்கு உட்புறம் அக்கார்ட்டியா, ஒய்தோனா, சூடோடயப்டோமஸ், இன்னும் சில சிறிய இனங்கள் மிஞ்சும். நத்தை, மட்டி, கொட்டலசு ஆகியவற்றின் குடம்பிகள் அந்தந்தக் காலத்தில் குவியும். நண்டுக் குடம்பியும் அப்படித்தான். நீலக்கால் நண்டு முட்டையை விட உப்புக் கூடிய பக்கம் போகும். சோயியா என்ற முதற் குடம்பிகள் நாலு பருவம் வெளியே கழித்து, மெகலோப்பா என்ற கடைசிக் குடம்பி ஆனபிறகுதான் கரைப்பக்கம் திரும்பும். ஆகவே உள்ளே சோயியா குறைவாக இருப்பதை மாசு என்று சட்டென எழுதிவிட வேண்டாம்.

இனி மழை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் நீரேரியில் விழும். ஆண்டு மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் எங்கள் நீரேரிக்கு உப்பு இறங்குவது மெல்ல நடப்பதில்லை. ஒரு கிழமைக்குள் தலைகீழாக மாறும். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசம்பரில் புரெவி, இந்த மாதிரி நேரங்களில் ஆழமில்லாத உள்நீர் சில நாட்களில் நன்னீருக்குக் கிட்டப் போய்விடும். கோப்பிபொட் ஒன்றால் உப்பு இறங்குவதைத் தாங்க முடியுமா என்பதைவிட, எவ்வளவு வேகமாக இறங்கினால் தாங்கும் என்பதே அங்கே கேள்வி. மெல்ல இறங்கினால் 15 வரை (ஆயிரம் பங்கு நீரில் உப்பு 15 பங்கு) சமாளிக்கும் ஒரு இனம், ஒரே இரவில் 32 இலிருந்து 15க்கு விழுந்தால் கூட்டமாகச் செத்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செத்த கோப்பிபொட் உடனே கரைந்து போகாது. ஓடு சில நாள் மிதக்கும். நீங்கள் போமலின் ஊற்றி வைத்த போத்தலில் உயிரோடு இருந்ததும் செத்து மிதந்ததும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். பெருமழைக்கு அடுத்த நாள் மாதிரியில் கடலினங்கள் நிறைய இருந்தால், மழையைத் தாங்கிவிட்டன என்று எண்ணத் தோன்றும். போமலினுக்கு முன் நியூட்ரல் ரெட் சாயத்தைக் கொஞ்சம் விட்டுக் கால் மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். உயிருள்ளது சிவப்பாகும், செத்தது வெளிறிக் கிடக்கும். உடனே எண்ண முடியாவிட்டால் மாதிரியைக் குளிரில் வைத்துக் கொண்டுபோய் எண்ணுங்கள், சாயம் நாளாக ஆக மங்கும். மலிவான வேலை, ஆனால் மழைக்கால ஆய்வில் இதைச் செய்யாமல் விடுவது பெரிய குறை என்பது என் எண்ணம்.

மழை போன பிறகு யார் திரும்ப வருகிறார்கள் என்பது இன்னும் சுவையான கதை. நுணுக்குக்காட்டியில் ஒய்தோனாப் பெண்ணைத் தேடிப் பாருங்கள். வயிற்றின் இரண்டு பக்கமும் திராட்சைக் குலைபோல் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். அது முட்டையைத் தன்னோடேயே கொண்டு திரியும். சூடோடயப்டோமஸும் பையில்தான் சுமக்கும். அக்கார்ட்டியா அப்படியில்லை, ஒவ்வொரு முட்டையாக நீரில் விட்டுவிடும், முட்டை அடிக்கு இறங்கும். ஆழக்கடலில் இறங்கி முடியுமுன்பே குஞ்சு வெளிவந்துவிடும். ஒன்றரை மீற்றர் நீரேரியில் முட்டை சேற்றில் போய் விழும். சேற்றில் ஒட்சிசன் இல்லாவிட்டால் முட்டை சாகும், அல்லது பொரிக்காமல் உறங்கும். இதில் ஒரு நட்டமும் ஒரு இலாபமும் இருக்கின்றன. அழுகிய சாதாளையும் நகர வாய்க்கால் கழிவும் சேர்ந்து அடி கறுத்த இடங்களில் முட்டை சுமக்கும் ஒய்தோனாவுக்கு அனுகூலம். ஆனால் வெள்ளம் வந்து நீர் முழுவதையும் கழுவிக்கொண்டு போனால், அடியில் உறங்கும் முட்டைகள்தான் அக்கார்ட்டியாவின் வைப்புப் பணம். உப்பு திரும்ப ஏறும்போது அங்கிருந்தே கூட்டம் கிளம்பும். தை, மாசியில் பண்ணைப் பக்கம் எந்த இனம் முந்துகிறது என்று பார்த்தால் அடிச்சேறு எந்த நிலையில் இருக்கிறது என்றே ஊகிக்கலாம்.

உட்புற நீர் இதற்கு மறுபக்கம். மாரியில் தொண்டமானாற்றுக் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள், மற்ற நேரம் கடல் நீர் ஏறாமல் மூடிவைப்பார்கள். உப்பு நன்றாக இறங்கிய காலத்தில் அங்கே பிராக்கியோனஸ் போன்ற உருளிகள் (கோப்பிபொட்டிலும் சிறிய நுண்விலங்குகள்) ஏறும். அவை ஆண் இல்லாமலே முட்டையிட்டு ஓரிரு நாளில் இரட்டிப்பாகக் கூடியவை, ஆகையால் காலியான நீரில் முதலில் குடியேறுபவை அவைதான். சித்திரைக்குப் பிறகு மழை இல்லை, வெயிலும் காற்றும் நீரை வற்றச் செய்யும், உப்பு கடலை மிஞ்சும். ஆழமில்லாத ஓரங்களில் 40ஐத் தாண்டி ஏறும்போது கோப்பிபொட் இனங்களும் ஒவ்வொன்றாகக் கழலும். இன்னும் கனக்க ஏறி, உப்பளப் பாத்திகளின் அளவுக்குப் போனால் மீனும் வாழாது. அங்கேதான் ஆர்ட்டீமியாவுக்கு இடம். அந்த உயிருக்கு மீனிடமிருந்து தப்ப வேறு வழி இல்லை, உப்பே அதன் வேலி. அந்தச் சிவந்த இறால் பூச்சியை நம்பி வரும் பூநாரைகளைச் சுண்டிக்குளத்திலும் மண்டைதீவுப் பக்கத்திலும் கண்டிருப்பீர்கள்.

நீரேரியை நன்னீராக்கிவிடலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் பற்றி இன்றும் கதைக்கிறார்கள். குடிநீர் பக்கத்தை நான் இங்கே எடுக்கவில்லை. பிளாந்தன் பக்கம் மட்டும் சொன்னால்: உப்பு 5க்கும் 8க்கும் இடையில் நிற்கும் நீர்தான் எல்லாவற்றிலும் இனம் குறைந்த நீர். கடலினமும் அங்கே தாங்காது, நன்னீர் இனமும் தாங்காது. நன்னீராகும் வழியில் பல வருடம் அந்த இடைநிலையில் நின்றால், இறாலுக்குச் சாப்பாடு எது என்ற கேள்வியும் கூடவே வரும். களங்கட்டி (நீரில் நட்டு வைக்கும் வலையடைப்பு) வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தங்கள் வழியில் பதில் சொல்வார்கள்.

போசணை உப்புகளுக்கு வருவோம். மற்ற நாட்டுக் கட்டுரைகளில் ஆறு நைத்திரேற்றைக் கொண்டுவரும், தாவரப் பிளாந்தன் பெருகும், கோப்பிபொட் பெருகும் என்று இருக்கும். எங்களுக்கு ஆறு நிலத்துக்குக் கீழே. குடாநாடு சுண்ணக்கல். தோட்டத்துக்கு இறைத்த உரத்தின் நைத்திரேற்று கிணற்றில் ஏறியிருப்பது ஊரறிந்த விஷயம். அதே நிலத்தடி நீர் கரையோரமெங்கும் கடலுக்குக் கசிகிறது. கீரிமலையில் கடலை ஒட்டி ஊறும் நீர் அதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி. ஆகவே வடகரையில் மழை ஓய்ந்து கன நாளான பிறகும் கரையை ஒட்டிய நீரில் நைத்திரேற்று கூடவே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் பொசுபேற்றைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே நைத்திரேற்று நிறைய இருந்தும் பாசி பெருகாத நீர் இங்கே அமையலாம். நைத்திரேற்றை மட்டும் அளந்து அதற்கும் கோப்பிபொட்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதுவதில் பயனில்லை. அளந்தால் பொசுபேற்றையும் சேர்த்து அளவுங்கள், விகிதத்தைப் பாருங்கள். நைதரசன் 16க்குப் பொசுபரசு 1 என்ற வழக்கமான விகிதத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தனி அளவுகளைவிடப் பேசும்.

பாசியின் அளவைவிடப் பாசியின் பருமனும் முக்கியம். மழைக்குப் பின் பெரிய தயற்றங்கள் (சிலிக்கா ஓடுள்ள பாசிகள்) வந்தால் பரகலானஸ், அக்கார்ட்டியாவுக்குக் கொண்டாட்டம். கோடையில் நீர் தெளிந்து, மிகச் சிறிய கசையுயிர்களும் பற்றீரியாவும் மிஞ்சும்போது, அவற்றைத் தின்னும் சிறு பிசிர்த்தாரிகளை (ஒருகல உயிர்களை) பிடித்துத் தின்னத் தெரிந்த ஒய்தோனா தாக்குப்பிடிக்கும். நொக்ரிலூக்கா என்ற ஒருகல உயிர் பெருகி நீர் பச்சைக் கூழாகும் காலமும் உண்டு. 2019இல் மன்னார்க் குடாவின் மறுகரையில் அதனால் மீன்கள் செத்து ஒதுங்கின. அது தாவரமா விலங்கா என்று எண்ணும்போது தடுமாறாதீர்கள். தின்னும் உயிர் அது, கோப்பிபொட் முட்டையையும் தின்னும். தனி நிரலில் போடுங்கள்.

காற்றைப் பற்றி எங்கள் ஆய்வுகளில் குறைவாக எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கும்போது ஆழமில்லாத நீரேரி அடியோடு கலங்கும். அப்போது வலையில் வரும் கார்ப்பக்டிகொயிட்டுகள் (கோப்பிபொட்டில் ஒரு பிரிவு) பல அடிச்சேற்றில் வாழ்பவை, அலை கிளப்பி மேலே விட்டவை. அவற்றைப் பிளாந்தன் என்று எண்ணினால் சோளக மாதத்தில் திடீரென ஒரு கூட்டம் பெருகியதாகத் தோன்றும். மாதிரி எடுத்த அன்றைய காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்து வைப்பதற்குக் காசு செலவில்லை.

வெப்பநிலையை ஏன் இவ்வளவு நேரம் தொடவில்லை என்றால், தையில் குளிர்ந்தும் சித்திரையில் சூடாகியும் இங்கே கடலில் வரும் வித்தியாசம் ஒரு சில பாகைதான். அது வளர்ச்சி வேகத்தை மாற்றும். யார் இருப்பார், யார் போவார் என்பதை அதிகம் மாற்றாது. ஒரு விதிவிலக்கு, கோடை மத்தியானத்தில் முழங்கால் அளவு நீர். அங்கே வெயில் நேரடியாக வேலை செய்யும்.

தின்பவர்களையும் மறக்கக் கூடாது. அம்புப்புழுவும் சீப்புச் சொறியும் ஜெல்லிமீனும் நுழைந்த நாளில் கோப்பிபொட் எண்ணிக்கை விழுந்தால், அதற்கு எந்த இரசாயன அளவும் விளக்கம் தராது.

சரி, வேலைக்கு வருவோம். வழக்கமான 200 மைக்கிரோமீற்றர் கண் வலை வடகரைக்குப் பரவாயில்லை. நீரேரியில் அது ஏமாற்றும். ஒய்தோனா உடம்பு மெல்லியது, நோப்பிளியஸ் இன்னும் சிறியது, பெரும் பகுதி வலைக்கண்ணால் வழுகிப் போய்விடும். 60, 65 மைக்கிரோமீற்றர் கண் வலை தேவை. ஆழமில்லாத இடத்தில் அதை இழுத்தால் சேறு அடைக்கும், ஆகவே இழுக்காமல் வாளியால் அளந்து 100 லீற்றர் நீரை மெல்ல வடித்து எடுப்பது நம்பகமானது. வடகரையில் இழுக்கும்போது வலை வாயில் நீரோட்டமானி கட்டாமல் கனமீற்றருக்கு இத்தனை என்று எழுத வேண்டாம்.

நேரம் இன்னொரு பொறி. சூடோடயப்டோமஸ் பகலில் அடியிலோ கடற்புல்லிலோ ஒட்டிக்கொண்டு இருந்து, இருட்டியதும் மேலே வரும். மைசிட், கியூமேசியன் போன்ற சிறு ஓட்டுடலிகளும் அப்படியே. பகல் பத்து மணிக்கு வலை போட்டு இந்த இனம் இங்கே இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. பாதுகாப்பாகப் போகக்கூடிய இடமாகப் பார்த்து, தொழிலாளர் ஒருவரின் வள்ளத்தில் ஒரு இரவாவது எடுங்கள். நிலவற்ற இரவாக இருந்தால் நல்லது. எங்கள் பக்கத்து வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் பாலங்களுக்குக் கீழே ஓட்டம் வேகம். ஏறுநீரில் எடுத்தது கடலின் மாதிரி, வற்றுநீரில் எடுத்தது நீரேரியின் மாதிரி. பண்ணைப் பாலத்துக்கு இரு பக்கமும் ஒரே ஏறுநீரில் எடுத்து ஒப்பிட்டால், பாதை போட்டது நீரை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கும் ஒரு விடை கிடைக்கும். சங்குப்பிட்டியிலும் அதையே செய்து பார்க்கலாம்.

இனம் பிரிக்கத் தொடங்கும்போது பழைய பட்டியல்களைப் பாருங்கள். முத்துப் பார்களை ஆராய 1902இல் வந்த ஹேர்ட்மன் சேகரித்த கோப்பிபொட்டுகளை தொம்சனும் ஸ்கொட்டும் 1903இல் விவரித்தார்கள். அதில் பல பெயர்கள் இன்று மாறிவிட்டன, ஆனால் இந்தப் பக்கத்துக்குப் பழைய அடித்தளம் அதுதான். 1960களின் சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணங்கள் எடுத்தவை திறந்த கடலுக்கு உதவும், நீரேரிக்கு இல்லை.

காலம்: புரட்டாதியில் முதல் மழைக்கு முன்பே ஒரு தொடர் மாதிரி கையில் இருக்க வேண்டும். பிறகு மாரியில் மாதம் ஒருமுறை என்பது போதாது. இரண்டு கிழமையில் ஒரு தலைமுறை மாறும் உயிரை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இடையில் நடந்தது தெரியாது. கோடையில் இடைவெளியைக் கூட்டிக் காசை மிச்சப்படுத்தி, ஐப்பசி முதல் தை வரை கிழமைக்கு ஒருமுறை போடுங்கள். இடம் மூன்று போதும், மூன்று நீருக்கும் ஒவ்வொன்று. பகுப்பாய்வில் முதலில் ஒவ்வொரு நீரையும் தனித்தனியாகப் பாருங்கள். சேர்த்துப் பார்ப்பது அதன் பிறகு.

காசு மிஞ்சினால் பாசியின் அளவைக் காட்டும் பச்சையத்தை அளவுங்கள். அதற்குப் பதிலாகச் செக்கித் தட்டு (நீருக்குள் இறக்கித் தெளிவை அளக்கும் வட்டத் தட்டு) போடலாமா என்று கேட்பீர்கள். வடகரையில் போடலாம். நீரேரியில் கோடையில் தட்டு அடியில் முட்டும், சோளகத்தில் கலங்கலைத்தான் காட்டும். முட்டிய நாளில் ஆழத்தை எண்ணாகப் பதியாமல் 'அடி தெரிந்தது' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண் பிறகு உங்கள் கணக்கில் தெளிவுத்தன்மையாக உட்கார்ந்துகொள்ளும்.